சாம்பக்கிளிக்காக நான் விட்டுவைத்த அடிமரம்

போன மாதம் மெஷின் வாளோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்கு மரம் வெட்ட வந்த இருவர், தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர் கேட்டார்: “ஐயா, ஒரு கிளிக்காக வேலைய விட்ட ஆளு நீங்கதானா?”

நான் வேலையை விடவில்லை. மரம் ஏறும் வேலையை என்னிடமிருந்து பறித்தார்கள். விட்டதும் பறித்ததும் ஒன்றல்ல. இந்தக் கதை பத்து வாய் மாறி இப்படித் திரிந்து போயிருப்பதால், நடந்ததை நடந்தபடி பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வாசிகசாலையில் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு என் கடைசி மகள்தான் பொறுப்பு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லியே கொடுக்கிறேன்.

எங்கள் தோட்டம் பதுளை டவுனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்ட, நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள் மலை நெடுக நிற்கும். அவற்றில் ஏறிக் கிளை கழிப்பதும், செத்த மரங்களை இறக்குவதும் என் வேலை. தோட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தபோது சேர்ந்தேன். தொண்ணூறுகளில் கம்பெனி வந்தது. நான் அதே மரத்தில்தான் இருந்தேன். காலில் தளைக்கயிறு, இடுப்பில் வாள், தோளில் தும்புக் கயிறு. கற்றுக்கொண்ட இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுந்தேன், எழுந்தேன், இடது முழங்கை இன்றும் முழுதாக நீளாது.

ஆனால் கண்டக்டர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தரைத்தான் நாங்கள் கண்டக்டர் என்போம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் குடையும் மடக்கும் அடிமட்டமும் இல்லாமல் மலைக்கு வரமாட்டார். சத்தம் போடமாட்டார். கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. விழுந்து கிடக்கும் கிளைக்குப் பக்கத்தில் குந்தி, வெட்டுவாயை விரலால் தடவிப் பார்ப்பார். மரத்தில் நாற்பது அடி உயரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கீழே கிடக்கும் கிளையின் அடியே அவருக்குச் சொல்லிவிடும்.

கிளை கழிக்க ஒரு முறை உண்டு. முதலில் அடிப்பக்கமாக, மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்வாசி ஆழத்துக்கு வாள் போட வேண்டும். பிறகு மேலே இன்னும் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். அப்போதுதான் கிளை பட்டையை உரிக்காமல் பிரிந்து வரும். பிறகு மிச்சம் நிற்கும் கட்டையை மரத்தை ஒட்டிச் சாய்வாக அறுத்துத் தார் பூச வேண்டும். சாய்வு இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நிற்கும். நின்றால் மரம் உள்ளே இற்றுப்போகும். கிளையைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். கீழே ஒரு தேயிலைச் செடி முறிந்தாலும் அன்று பின்னேரம் பதில் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த வருடம், பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்துக்கு மேலே நின்ற ஒரு பெரிய சவுக்கில் அடிவாள் போடாமல் கிளையை அறுத்துவிட்டேன். மழை வருகிறதே என்ற அவசரம். பாதி அறுக்கும்போதே கிளை தன் பாரத்தில் முறிந்து, ஒரு கை நீளத்துக்குப் பட்டையை உரித்துக்கொண்டு போய்விட்டது. கண்டக்டர் ஐயா குடையை மடக்கினார். என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

“இந்த மரத்தை இண்டைக்கே நீர் கொன்றுபோட்டீர். சாக இன்னும் பத்து வருஷம் எடுக்கும், அவ்வளவுதான். விளங்குதோ?”

விளங்கியது. அவர் சொன்னபடியே அந்தக் காயத்தில் தண்ணீர் இறங்கியது. மரம் இற்றது. ஒரு குக்குறுவான் வந்து இற்ற இடத்தைக் கொத்திப் பொந்தாக்கி, இரண்டு வருடம் குடியிருந்துவிட்டுப் போனது. அதன் பிறகு அந்தப் பொந்துக்கு வந்தவைதான் சாம்பக்கிளிகள்.

பிள்ளைகளே, கிளி என்றால் பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் ரோஜா நிற வளையம் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். அது கீழே, நாங்கள் நாடு என்று சொல்லும் கிராமத்து வயல்களுக்கு நெல் தின்ன வரும் கிளி. நான் சொல்வது நம் மலைக்கிளி. அதைவிடச் சின்னது, வாலும் குட்டை. தலையும் முதுகும் நீலம் கலந்த சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் சட்டை நீலம் போட்டுக் கலந்தது போல. தாடையில் அகலமான கறுப்புக் கோடு. கழுத்தைச் சுற்றிப் பளிச்சென்று பச்சைப் பட்டி. செட்டைகள் பச்சை. வால் நீலம், அதன் நுனியை மட்டும் மஞ்சளில் தோய்த்தெடுத்தது போல் இருக்கும். ஆணுக்கு மேல் மூக்கு சிவப்பு. பெண்ணுக்கு மூக்கு கறுப்பு. இந்தக் கறுப்பு மூக்கைப் பார்த்துவிட்டு, ஏதோ சீக்குக் கிளி என்று எங்கள் ஆட்கள் பல காலம் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

பறக்கும்போது கடகடவென்று கத்திக்கொண்டே போகும். இனிமையான குரல் என்று பொய் சொல்லமாட்டேன். பைப்படியில் நாலு பேர் வாளிக்குச் சண்டை பிடிப்பது போல இருக்கும். காட்டு அத்திப்பழம் தின்னும். பூவைப் பிய்த்துத் தேன் குடிக்கும். தானாகப் பொந்து தோண்டாது. இற்ற மரமும் மற்றவர் விட்டுப்போன பொந்தும்தான் அதற்கு வீடு. தை மாதம் பிறந்ததும் முட்டையிடும். பெட்டை உள்ளே அடைகாக்கும். சேவல் தீனி கொண்டுவந்து பொந்து வாசலில் ஊட்டும். இதெல்லாம் நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. பக்கத்து மரத்தில் தளைக்கயிற்றில் கால் ஊன்றிக்கொண்டு பார்த்தது.

ஒன்றை மட்டும் படித்துத் தெரிந்துகொண்டேன். பதுளை நூலகத்தில் ஒரு சிங்களப் பறவைப் புத்தகத்தில் இதன் படத்தைப் பார்த்தேன். அங்கிருந்த அம்மணி வாசித்துச் சொன்னார்: “அலு கிரவா. சாம்பல் கிளி. இது இலங்கையில மட்டுந்தான் இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இல்ல.” அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஏனென்று கேட்காதீர்கள்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். கம்பெனி வந்து நாலைந்து வருடம் இருக்கும். தோட்டத்துப் பெரிய மரங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். மாசி மாதம் ஒருநாள் காலை, எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், கண்டக்டர் ஐயா என் பேரைக் கூப்பிட்டார்.

“ஏழாம் நம்பர் மலை. பிள்ளைமடுவத்துக்கு மேல நிக்கிற சவுக்கு. வியாழக்கிழமை லொறி வருது. அடியோட இறக்க வேணும்.”

போனேன். ஏறினேன். பொந்து இருபதடி உயரத்தில் இருந்தது. நான் காது வைப்பதற்குள்ளேயே உள்ளே சத்தம். முட்டை இல்லை, குஞ்சு. கறுப்பு மூக்கு ஒன்று வெளியே வந்து என்னைப் பார்த்தது, பறந்தது, அடுத்த மரத்தில் இருந்துகொண்டு ஏசத் தொடங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று. அப்போதுதான் இறகு குத்திக்கொண்டு வருகிறது. பறக்க இன்னும் மூன்று நாலு கிழமையாவது வேண்டும்.

இறங்கி நேராகக் கண்டக்டர் ஐயாவிடம் போனேன்.

“ஐயா, அந்த மரத்த இப்ப வெட்டமாட்டேங்க. பொந்துல குஞ்சு இருக்கு. சித்திரை வரைக்கும் குடுங்க, நானே எறக்கித் தர்றேன்.”

“என்ன காணும், குருவிக்குப் பிறந்தநாள் பார்த்தோ தோட்டம் நடத்துறது?”

“சும்மா குருவி இல்லீங்க. இந்த நாட்டுல மட்டுமே இருக்கிற கிளிங்க. புத்தகத்துலயே போட்டிருக்கு.”

அவர் குடையை மலைப் பக்கம் நீட்டினார். பிறகு, சத்தத்தை உயர்த்தாமலே சொன்னார்: “அந்த மரம் எங்க நிக்குது? கீழ என்ன இருக்கு? நீர் சொல்லும்.”

கீழே பிள்ளைமடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். மரம் அந்தப் பக்கம்தான் சாய்ந்து நின்றது.

பிள்ளைகளே, இந்த இடத்தை நான் மறைக்கமாட்டேன். அவர் சொன்னது நியாயம். சாயங்காலம் என் வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னபோது, ரொட்டி தட்டிய கையை நிறுத்தாமல் அவளும் அதையேதான் கேட்டாள்.

“நம்ம சின்னது அங்கதான கெடக்கு? காத்துல மரம் சாஞ்சா கிளி வந்து தாங்கிப் புடிக்குமா?”

“நான் இல்லன்னு சொல்லலியே.”

“அப்ப என்னதான் சொல்றீங்க? ஒண்ணு வெட்டுங்க, இல்ல அந்தப் பொந்துலயே போயி இருங்க. ஒங்களுக்கும் மூக்கு கறுப்புதான்.”

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. பிள்ளைமடுவத்தின் மேல் விழக்கூடியது எது? பொந்துக்கு மேலே நிற்கும் நாற்பது அடி. பாரமும் சாய்வும் அங்கேதான். பொந்துக்குக் கீழே அடிமரம் நேராக நிற்கிறது. தட்டினால் கட்டையான சத்தம்தான் வருகிறது, இற்றுப்போகவில்லை. மேலே உள்ளதை மட்டும் இறக்கிவிட்டால் குழந்தைகளுக்கும் பயமில்லை, குஞ்சுகளுக்கும் வீடு போகாது. லொறிக்காரனுக்குத்தான் நட்டம். அடிமரத்தில்தான் நல்ல பலகை.

காலையில் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொன்னேன். கண்டக்டர் ஐயா தலையை ஆட்டினார். “அடியோட எண்டுதான் எனக்கு உத்தரவு. உமக்கும் அதுதான் உத்தரவு.”

“அப்படீன்னா அடிமரத்த வேற ஆள வச்சு வெட்டுங்க. மேல உள்ளத மட்டும் நான் எறக்குறேன்.”

வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம்: சாய்ந்த மரத்துக்கு ஏறுகிறவர் தலையை இறக்கிக் கொடுக்காமல், கீழே நிற்பவர்கள் கோடாலி எடுக்கமாட்டார்கள். எங்கே வெட்டி நிறுத்துவது என்று உச்சியில் இருப்பவன்தான் சொல்வான்; அவன் சொல்லாமல் அதற்குக் கீழே யாரும் கை வைக்கமாட்டார்கள். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஏறினேன்.

அன்று முழுவதும் கோடாலியைத் தொடவில்லை. கோடாலி அடித்தால் மரம் அதிரும், குஞ்சுகள் பயந்து போகும். எல்லாம் கைவாள்தான். ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, மலைப்பக்கம் இழுத்து இறக்கினோம். கீழே கயிறு பிடித்தவர் முனியாண்டி அண்ணன். “கிளி மாப்பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுக்குறாரு பாருங்கடா, மொட்ட மாடி வச்ச வீடு!” என்று கத்திக்கொண்டே பிடித்தார். சேவல் இரண்டு முறை தீனியோடு வந்து, என்னைப் பார்த்துத் திரும்பிப் போனது. மூன்றாவது முறை நான் இருக்கும்போதே வந்து ஊட்டியது. பொந்துக்கு மேலே மூன்று அடி விட்டுக் கடைசி வாளைச் சாய்வாகப் போட்டேன். தார் பூசினேன். தண்ணீர் பொந்துக்குள் இறங்கக் கூடாதல்லவா.

வியாழக்கிழமை லொறி வந்து, மெலிந்த துண்டுகளை ஏற்றிக்கொண்டு முறைத்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் தோட்டத்து மேனேஜரான தொரை. பக்கத்தில் கண்டக்டர் ஐயா நின்றுகொண்டிருந்தார். தோட்டத்துச் சங்கத் தலைவரும் எனக்காக வந்திருந்தார், உள்ளே போகுமுன்பே அவர் என் காதில் சொல்லிவிட்டார்: “தம்பி, சம்பளத்துக்கு ஸ்ட்ரைக் வைக்கலாம், லயத்து வீட்டுக் கூரைக்கு வைக்கலாம். கிளிக்கு வச்சா சிரிப்பானுங்க. மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு.”

தொரை கேட்டார்: “என்ன மேன்? மரம் வெட்ட சொன்னா, நீ பாதி வெட்டி பாதி வச்சிருக்கே?”

“ஆமாங்க தொரை. பொந்துல குஞ்சு இருந்திச்சு.”

“அந்த பாதி மரம் பிள்ளைமடுவத்துக்கு விழும். யாரு பொறுப்பு?”

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் ஐயா பேசினார். “விழாது, சேர்.”

தொரை அவர் பக்கம் திரும்பினார்.

“நான் நேற்றுப் போய் அளந்து பார்த்தனான். சாய்வு முழுக்க இறங்கிட்டுது. அடி உறுதி. வெட்டும் சரி, தண்ணி நிக்காது. இவர் இதுவரை செய்ததில இதுதான் ஆகத் திறமான வெட்டு.” நிறுத்தினார். பிறகு அதே குரலில் சொன்னார்: “ஆனா உத்தரவை மீறினவர். அதுக்குத் தண்டனை வேணும். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தரும் என்ர சொல் கேக்கமாட்டினம்.”

அவர் அப்படித்தான். எனக்காகப் பொய் சொல்லவும் மாட்டார், எனக்கு எதிராகவும் சொல்லமாட்டார். மன்னிப்புக் கேட்கிறாயா என்றார் தொரை. தலைவர் என் முதுகில் குத்தினார்.

“குஞ்சு பறந்த பெறகு மிச்சத்தையும் வெட்டித் தர்றேங்க தொரை. மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டேன். நான் ஒண்ணும் தப்புச் செய்யல.”

இரண்டு கிழமை பெரட்டில் என் பேர் கூப்பிடவில்லை. மூன்றாவது கிழமை கூப்பிட்டார்கள்: புல்லு வெட்டு. பதினாலு வருடம் மரத்தில் இருந்தவனின் கையில் சுரண்டியைக் கொடுத்து, தேயிலைக்கு நடுவே குனிய வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை குனிந்துதான் இருந்தேன். மறுபடி ஒருநாளும் என்னை மரத்தில் ஏற்றவில்லை. அது எனக்கு வலித்ததா என்று கேட்டால், வலித்தது. என் இடத்துக்குப் பழக்கி எடுத்த புது ஆள் காலையில் வாளோடு ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தது. அதற்காக நான் செய்தது பிழை என்று ஆகிவிடாது.

பங்குனி முடியும்போது என் புல்லு வெட்டு ஏழாம் நம்பர் மலைக்கு வந்தது. ஒரு காலை, பத்து மணி இருக்கும். பொந்து வாசலில் ஒரு தலை. பின்னால் இன்னொன்று. முதலாவது தடுமாறிப் பறந்து பக்கத்துச் சவுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. கொழுந்துக்காரப் பெண்களும் கூடையோடு நின்று பார்த்தார்கள். மூன்றும் வெளியே வந்துவிட்டன.

மூன்றும் பச்சை.

தலை பச்சை, முதுகு பச்சை. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. மூக்கு செம்மஞ்சள். சுத்தமான பச்சைக்கிளிக் குஞ்சுகள்.

அந்தப் பக்கம் வந்திருந்த முனியாண்டி அண்ணன் தலையில் கை வைத்தார். “அட பாவி! ஒலகத்துலயே இல்லாத கிளின்னியே! இது நாட்டுல நெல்லு தின்ன வர்ற கிளிடா. இதுக்கா மரத்த விட்டுப்புட்டு சொரண்டியப் புடிச்ச?”

எல்லோரும் சிரித்தார்கள். தாயும் தகப்பனும் சாம்பக்கிளிதான் என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குஞ்சு எப்படிப் பச்சை? நான்தான் கண்டதையும் குழப்பிக்கொண்டேனா? அந்தக் கிளியின் குஞ்சுகள் முதலில் பச்சையாகத்தான் இருக்கும், சாம்பல் நிறம் வளர வளரத்தான் வரும் என்பது எனக்கு அன்று தெரியாது. அடுத்த வருடம் சாம்பக்கிளிக் கூட்டத்தில் உடம்பு பாதிப் பச்சையும் பாதிச் சாம்பலுமான இளம் கிளிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு நெஞ்சை நிமிர்த்துவது யாருக்கும் சுலபம். தெரியாமல் நின்ற அந்த நாளைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண்டக்டர் ஐயா ஏறி வந்தார். குடையைச் சாய்த்துப் பிடித்து, மூன்று குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“வடிவாப் பாரும். உம்மட கிளி எல்லா ஊரிலயும் இருக்கிற கிளி போலதான் கிடக்கு.”

“இருக்கட்டுங்க ஐயா.”

“அப்ப இந்த நாட்டில மட்டும் இருக்கிற கிளி எண்டு ஏன் காணும் அவ்வளவு நிண்டீர்?”

“அப்பிடிச் சொன்னாத்தான் நீங்க காது குடுப்பீங்கன்னு சொன்னேன்.” எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. “பச்சைன்னு தெரிஞ்சிருந்தாலும் நான் வெட்டியிருக்க மாட்டேங்க. எங்கப்பா இந்த மலையிலதான் பொறந்தாரு, இந்த மலையிலதான் செத்தாரு. நீ இந்தியாவா, சிலோனா, எந்த நாட்டுக்காரன்னு சாகுற வரைக்கும் அவரக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தக் கேள்விய நான் பொந்துக்குள்ள இருக்கிறதுகிட்ட கேக்கலீங்க. கேக்கவும் மாட்டேன்.”

கண்டக்டர் ஐயா என்னை ஒரு முறை பார்த்தார், அடிமரத்தை ஒரு முறை பார்த்தார். “சரி. சொன்ன சொல்லுக்கு, மிச்சத்தை எப்ப இறக்கித் தருவீர்?” என்றார்.

“ஏறுற வேலைய எங்கிட்டருந்து எடுத்துட்டீங்களே ஐயா. புல்லு வெட்டுக்காரன் மரம் ஏற உத்தரவு இல்லீங்களே” என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அடிமரத்தை வெட்டச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை.